பள்ளம் சரி, மேடு எங்கே?

ஐப்பசி அடைமழை தொடங்கினால் செங்கல்பட்டு மாவட்டத்தில் எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்று யாரும் சோசியம் பார்க்க வேண்டியதில்லை. ஊரின் மேட்டில் ஊர்த்தெரு, ஏரிக் கலங்கலுக்குக் கீழேயோ ஓடைக்கரையிலோ காலனி. வீட்டுமனைக்கென்று அரசு நிலம் எடுத்துக் கொடுத்த பல இடங்களும் எதற்கும் உதவாத பள்ளங்களாகவே இருப்பதைப் பார்க்கிறோம்.

இப்போது அந்தப் பள்ளமும் கைவிட்டுப் போகிற நிலை. நீர்நிலைப் புறம்போக்கென்று பதிவாகியிருந்தால் பட்டா கிடையாது. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. கடலோரத்தில் கடற்கரை ஒழுங்காற்று மண்டல விதிகள். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். இந்தச் சட்டங்களை நாம் எதிர்க்கவில்லை. ஏரியும் கழிவெளியும் அழிந்தால் முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பது நம் பிள்ளைகள்தான்.

ஆகவே குடியிருக்கத் தகாதது என்று ஒதுக்கப்படும் அத்தகைய மனைநிலத்தை வேறு எதற்குப் பயன்படுத்துவது என்பது நியாயமான கேள்வி. மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கட்டலாம் என்பார்கள். இங்கே மேடாக்கினால் தண்ணீர் அடுத்த தெருவுக்குள் போகும், அதுவும் நம் தெருதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் அரசே அடுக்குமாடிகளும் வீடுகளும் கட்டி, சென்னையின் ஏழைகளைக் கொண்டுவந்து குடியேற்றியது. 2015 வெள்ளத்தில் செம்மஞ்சேரி பட்ட பாட்டை நாடே பார்த்தது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சர் தகுதி கிடைத்தது. அதன் விளிம்பில் குடியேற்றப்பட்டவர்களோ இன்றும் மழைக்கு அஞ்சுகிறார்கள்.

இன்னொரு யோசனை, வண்டி நிறுத்துமிடம், ஓய்வு விடுதி, சுற்றுலாப் பூங்கா. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் இது எளிதில் எடுபடும். ஆனால் ஒரு குடும்பம் கூரை போட்டு வாழத் தகாத மண் விடுதிக்கு மட்டும் எப்படித் தகுதியாகும்?

நம்முடைய விடை, பள்ளத்தைத் தண்ணீருக்கே விட்டுவிடலாம் என்பதுதான். குட்டையாக ஆழப்படுத்தலாம், கரையில் பனை நடலாம், கோடையில் புல் வளர்த்து மாடு மேய்க்கலாம். மீன்பாசிக் குத்தகையை அந்தத் தெருப் பெண்கள் குழுவின் பெயருக்கே கொடுக்க வேண்டும். ஏலத்தில் விட்டால் பணமுள்ளவன் கையில்தான் போய்ச் சேரும். இதற்கெல்லாம் ஒரே நிபந்தனை: மேட்டில் மனையும் பட்டாவும் கைக்கு வந்த பிறகே பள்ளத்தைக் காலி செய்யச் சொல்ல வேண்டும்.

மேட்டு நிலம் எங்கே இருக்கிறது, விலை கோடிக்கணக்கில் அல்லவா என்று கேட்பார்கள். விலை கொடுத்து வாங்கச் சொல்லவில்லை. 1891-இல் இதே செங்கல்பட்டின் ஆட்சியர் திரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்கள் குடியிருக்கும் மனைகூடத் தங்களுடையதாக இல்லாமல் வாழ்வதை அறிக்கையாக எழுதினார். அதையொட்டி 1892-இல் அரசாணை எண் 1010 வந்தது. அப்படி வழங்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் இதே மக்களுக்குத்தான் கைமாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்த நிலங்களில் எத்தனையோ இன்று வேலி போட்டு, நுழைவு வளைவு கட்டி, மனைப்பிரிவுகளாக நிற்கின்றன.

மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் இதைக் கேட்டார்கள். பிறர் கைக்குப் போன பஞ்சமி நிலத்தில் இறங்கி அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் அக்டோபர் 10-இல் மாலை போடுகிறோம். ஆனால் 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்கள் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன்பே பணம் கொடுத்து வாங்கிவிட்டோம் என்பவர்களின் முறையீட்டை அரசு கேட்கட்டும். ஏமாற்றி விற்றவரிடம் அவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் காலனி நத்தத்துக்கும் ஏரிப் புறம்போக்குக்கும் அறிவிப்பு ஒட்ட வருகிற வேகம், நிபந்தனை மீறிய சர்வே எண்களுக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரின் பழைய ‘ஏ’ பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இப்போதைய கணினிப் பட்டா போதாது. 1980-களில் நடந்த யு.டி.ஆர். பணிக்கு முந்தைய பதிவேடு வேண்டும் என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள். அதில் ‘டி.சி.’ என்று குறித்த சர்வே எண்களைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலோடு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு எத்தனை குடும்பங்கள் போக வேண்டும் என்ற கணக்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அது தீர்மானமாகப் பதிவாகும் வரை எழுந்து வராதீர்கள்.