பட்டரிக்குக் கொடுக்கும் காசு, பழுதைத் தேடுபவருக்குக் கொடுக்க ஏன் கசக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய வாகனம் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்தும் என்ன? விலை நம்மைப் போன்ற சம்பளக்காரர்களின் கைக்கு எட்டவில்லை. ஆகவே மொரிஸ் மைனரும் பழைய சன்னியும் பொக்ஸ் லான்சரும் டொல்பின் வேனும் நமது வீதிகளில் இன்னும் பல வருடம் ஓடத்தான் போகின்றன. இவற்றின் எஞ்சினைப் பிரித்துப் பூட்ட நல்ல பாஸ்மார் நம்மிடம் இருக்கிறார்கள். வயரிங் வேலையில்தான் நாம் காசைத் தண்ணீராய் இறைக்கிறோம்.

வழமையாக நடப்பது இதுதான். காலையில் வாகனம் ஸ்டார்ட் ஆகாது. "பட்டரி போயிட்டு, மாத்தணும்" என்பார்கள். மாற்றுவோம். இரண்டு வாரத்தில் மீண்டும் அதே கதை. இம்முறை ஓல்டர்னேட்டர். பிறகு ஸ்டார்ட்டர். மூன்றையும் மாற்றி முடித்த பிறகு, எஞ்சினையும் பொடியையும் இணைக்கும் எர்த் வயரின் முனை களிம்பு பிடித்துக் கிடந்தது தெரியவரும். உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, நட்டை இறுக்கினால் வாகனம் ஓடும். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் இது அபூர்வமான பழுதே இல்லை.

உடனே பாஸ்மாரைத் திட்டுகிறோம். என் கருத்து வேறு. இந்தப் பழக்கத்தை வளர்த்ததில் பெரிய பங்கு வாகனம் வைத்திருக்கும் நமக்குத்தான்.

ஒரு பாஸ் இரண்டு மணித்தியாலம் வாகனத்துக்குக் கீழே படுத்து, அந்த ஒரு நட்டைக் கண்டுபிடித்து இறுக்கிவிட்டு 3000 ரூபா கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "என்ன பாஸ், ஒரு நட்டை இறுக்கினதுக்கு மூவாயிரமா?" அதே பாஸ் பத்து நிமிடத்தில் புதுப் பட்டரி பூட்டி அதைவிடப் பல மடங்கு பில் போட்டால் மறு பேச்சில்லாமல் கொடுக்கிறோம். கையில் ஒரு சாமான் வந்தால்தான் காசுக்குப் பெறுமதி என்று நினைக்கிறோம். தேடுவதற்குக் கூலி இல்லையென்றால் யார் தேடுவார்? சாமான் விற்பதுதான் லாபம் என்பதை நாமேதான் அவருக்குப் படிப்பித்திருக்கிறோம்.

தேடுவது ஏன் கஷ்டமான வேலை என்பதை சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் படித்த ஓமின் விதியே சொல்லும். அழுத்த வேறுபாடு என்பது மின்னோட்டத்தைத் தடையால் பெருக்க வருவது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 150 அம்பியர் அளவில் இழுக்கும் என்று வைப்போம். எர்த் இணைப்பில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலும் 3 வோல்ட் அந்த இடத்திலேயே போய்விடும். 12இல் 3 போனால் ஸ்டார்ட்டர் முனகும். ஆனால் அதே இணைப்பில் 5 வோட்ஸ் டெஸ்ட் பல்பைப் பிடித்துப் பாருங்கள். பல்ப் இழுப்பது அரை அம்பியரும் இல்லை. அதற்கு அந்தத் தடை ஒரு பொருட்டே அல்ல, பளிச்சென்று எரியும். மலிவான மீட்டரின் ஓம் அளவிலும் 0.02 தெரியாது. அதனால்தான் "எர்த் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பட்டரியில் கை வைக்கிறார்கள். பழுதைப் பார்க்க வேண்டியது சுமை ஓடும் நேரத்தில், வோல்ட் மீட்டரால்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வீட்டில் இருந்தால், கராஜுக்குப் போகுமுன் இவற்றை நீங்களே பார்க்கலாம்:

1. இரவு முழுக்க நின்ற வாகனத்தில், காலையில் பட்டரி முனைகளில் அளவு. 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. இறங்கிய பட்டரி எல்லாம் பழுதான பட்டரி அல்ல. முதலில் சார்ஜ் பண்ணிப் பாருங்கள்.

2. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 13க்கும் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள். மொரிஸ் மைனர் போன்ற டைனமோ வாகனங்களில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏறாமல் சிவப்பு லைட் எரிவது பழுதல்ல. கொஞ்சம் அக்சிலரேட்டர் கொடுத்துவிட்டு அளவுங்கள்.

3. ஒருவர் ஸ்டார்ட் அடிக்கும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பட்டரியின் எர்த் பக்க ஈய முனையிலும், மற்றதை எஞ்சின் இரும்பிலும் வையுங்கள். 0.2, 0.3 வோல்ட் என்றால் பரவாயில்லை. 1 வோல்ட் என்றால் கள்ளன் அந்தப் பாதையில்தான் இருக்கிறான்.

4. நிறுத்தி வைத்தால் பட்டரி இறங்குகிறதா? டிக்கிக்குள் அணையாமல் எரியும் ஒரு 5 வோட்ஸ் பல்பே போதும். 0.4 அம்பியர் வீதம் 40 அம்பியர் மணித்தியாலப் பட்டரியை ஏறக்குறைய நான்கு நாளில் குடித்துவிடும்.

மொரிஸ் மைனர் போன்ற பல பழைய பிரித்தானியக் கார்கள் வரும்போதே பொசிட்டிவ் முனையைப் பொடிக்கு எர்த் ஆகக் கொண்டு வந்தவை. சிலவற்றைப் பின்னர் மாற்றியிருப்பார்கள். பார்க்காமல் பட்டரியையோ ரேடியோவையோ பூட்ட வேண்டாம்.

அதேபோல், சிலவற்றை யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது பட்டரி வயரைக் கழற்றி, "ஓஃப் ஆகல்ல, சார்ஜ் சரி" என்று பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஓல்டர்னேட்டர் உள்ள வாகனத்தில் அப்படிக் கழற்றினால் வோல்ட் எகிறி, உள்ளே இருக்கும் டயோட்கள் எரியலாம். நல்ல ஓல்டர்னேட்டர் சோதனையிலேயே மௌத்தாகும்.

பியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டித் தாளையோ தடித்த வயரையோ வைப்பது அதைவிட ஆபத்து. பியூஸ் எரிவது வயர் எரியாமல் இருக்கத்தான். அதை எரியவிடாமல் செய்தால் அடுத்து எரிவது வாகனம், சில நேரம் உள்ளே பிள்ளைகளோடு.

ஹெட்லைட் மங்கல் என்று 100 வோட்ஸ் பல்ப் பூட்டுவதும் அப்படித்தான். இரண்டு பல்பும் சேர்ந்து 16 அம்பியருக்கு மேல் இழுக்கும். 45 வோட்ஸுக்குப் போட்ட பழைய வயரும் சுவிட்சும் உருகும். லைட்டின் எர்த் சரியில்லாமல் 12 வோல்ட் 10.5 ஆகக் குறைந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். எர்த்தைச் சுத்தம் செய்து ஒரு ரிலே போட்டால், இருக்கும் பல்பிலேயே வெளிச்சம் வரும். இரவில் நம் ரோட்டில் படுத்திருக்கும் மாட்டையும், லைட் இல்லாத சைக்கிளில் வரும் மனிதரையும் காட்டப்போவது அந்த மூன்றில் ஒரு பங்குதான்.

"தேடுறேன் எண்டு சொல்லி நேரத்தைக் கடத்திக் காசு கேட்டா என்ன செய்றது சேர்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேலை தொடங்குமுன் தேடும் கூலியைப் பேசி முடியுங்கள். எந்தச் சாமானை மாற்றச் சொன்னாலும், "மீட்டரில் எனக்கும் ஒருக்கா காட்டுங்க பாஸ்" என்று மரியாதையாகக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். காட்டத் தயங்கினால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

ஓமின் விதியை மனனம் செய்து புள்ளி வாங்கும் பிள்ளை மீட்டரைத் தொட்டதில்லை. கராஜில் நாள் முழுக்க மீட்டரைத் தொடும் பிள்ளைக்கு அந்த விதியை யாரும் விளக்கவில்லை. வாகன மின் வேலைக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. கராஜிலேயே கற்றவர்களும் அனுபவத்தைக் காட்டி, மதிப்பீட்டுக்குத் தோற்றி அதைப் பெற வழியிருக்கிறது. நமது பொடியன்மாருக்கு இதைச் சொல்லுங்கள். ஆனால் சான்றிதழ் எடுத்துவிட்டு வரும் பிள்ளையிடமும் "ஒரு நட்டுக்கு மூவாயிரமா?" என்றுதான் கேட்கப்போகிறோம் என்றால், அவனும் பட்டரி விற்கத்தான் போவான்.

உங்கள் பகுதியில் மீட்டரைக் காட்டிப் பழுதைச் சொல்லும் வயரிங் பாஸ் யாராவது இருந்தால், அவருடைய அனுமதியோடு பின்னூட்டத்தில் அறிமுகப்படுத்துங்கள். அடுத்த முறை அவர் ஒன்றையும் மாற்றாமல் பழுதைத் தீர்த்துத் தந்தால், பேரம் பேசாமல் கேட்ட கூலியைக் கொடுங்கள்.