பல வண்ண நூலில் காலுறை

1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் புல்லில் உறைபனி படிவதுண்டு. பிள்ளைகளின் பாதம் விறைக்காமலிருக்கக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுங்கள்.

கையால் சாயமிட்ட பல வண்ண நூலென்றால், முதலில் ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால், நீர் தெளியும்வரை குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கசக்கினால் கம்பளி சுருங்கித் தடித்துவிடும்.

இரு சிட்டங்களின் சாயம் ஒன்றுபோல் அமைவதில்லை. ஆகவே ஒரே சிட்டத்தை நிறுத்து, இரு சம உருண்டைகளாகச் சுற்றி, காலுக்கு ஒன்றாகப் பின்னுங்கள். வண்ணம் திட்டுத்திட்டாகச் சேர்ந்தால், 4 கண்ணிகள் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்; கலைந்துவிடும். பூவேலை வேண்டாம், பல வண்ணத்தில் எடுபடாது. சீக்கிரம் தேயும் குதிகாலுக்கு நைலான் கலந்த ஒற்றை நிற நூலே நல்லது.

பள்ளிக்கு வெள்ளைக் காலுறை. இது வீட்டுக்கும் இரவுக்கும்!