பெரும்பானைக்கு எந்த அடுப்பு?

நுவரெலியாவுக்கும் பீருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1848இல் அங்கு குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், தம் நாட்டுக் குளிரை அம்மலையில் கண்டு, பீர் காய்ச்சவும் முற்பட்டார் என்பர். பின்னர் அவ்வூரில் எழுந்த பீர் ஆலை நெடுங்காலம் இயங்கிவிட்டுப் பியகமவுக்குப் பெயர்ந்தது.

பிரித்தானியாவில் 1963 முதல் வீட்டுப் பீருக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. நம் நாட்டிலோ மதுவரிச் சட்டம் அதற்கு இடங்கொடாது. எனினும் அங்குள்ளோர் முதலில் கேட்கும் கேள்வி நமக்கும் உரியதே: பெரும்பானையை எந்த அடுப்பில், எங்கே ஏற்றுவது? கலியாணச் சோற்றுக்கும் திருவிழாப் பொங்கலுக்கும் இதே கவலைதானே!

நுவரெலியாவின் உயரத்தில் நீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதிப்பதும், பீரில் இடும் ஹொப்ஸ் பூவின் கசப்பு மெல்ல இறங்குவதும் இதனாலேயே. ஆகவே அடுப்பு நெடுநேரம் எரிய வேண்டும்.

20 லீற்றர் நீரை 2 கிலோவாற்று மின்னடுப்பு கொதிக்கவைக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பழைய லயத்து மின்கம்பிகள் அச்சுமையைத் தாங்குமா என்பதை மின்பணியாளரிடம் கேட்டறிதல் நன்று. எரிவாயு விரைவானது, ஆனால் கசிந்தால் காற்றினும் கனத்துத் தரையிலே தேங்கும். எனவே பள்ளத்தில் அடுப்பு வைத்தலாகாது. கவ்வாத்து மிலாறு செலவற்றது; ஆயின் சடசடவென எரிந்து விரைவில் அடங்கும். பெரும்பானைக்குக் கட்டை விறகும் வேண்டும்.

எதுவாயினும் வெளியே, காற்றுத் தடுப்புக்குப் பின்னால் ஏற்றுவதே என் துணிபு. ஒரு மணி நேரக் கொதிப்பில் ஆவியாகும் நீர் காம்பராச் சுவரை நனைத்துப் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். அதுவாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத பகை ஒன்றுண்டு.

சமையல் முடிந்தபின், "புகை போய்விட்டதே" என்றெண்ணித் தணலைச் சட்டியில் அள்ளிக் காம்பராவுக்குள் வைத்து, கதவடைத்து உறங்குவோர் உளர். புகை அடங்கிய தணலே காபன் மொனொக்சைட்டை மிகுதியாய் விடும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கும். உறங்குபவருக்கோ அவ்வெச்சரிக்கையும் கிட்டாது. ஒரே காம்பராவில் இருவருக்குத் தலை கனத்தால் பனியென்று ஒதுக்காதீர். அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, அன்றிரவே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.