கீரைப் பாத்தியும் கிணற்று நீரும்

ஒரு பாத்தியில் எத்தனை கீரைச் செடிகள் நிற்கலாம்? அஃது அறுவடை முறையைப் பொறுத்தது. வேரோடு பிடுங்குவோர் நெருக்கமாக விதைக்கலாம். கிள்ளிக் கிள்ளி எடுக்க விரும்புவோர் செடிக்குச் செடி முக்காலடி முதல் ஓரடி வரை இடைவெளி விடுதல் வேண்டும்; இன்றேல் செடிகள் ஒளிக்குப் போட்டியிட்டு நெடிது மெலியும்; இலையும் சிறுக்கும்.

உக்கிய மாட்டெருவை அடிப்பசளையாக இடுக. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. ஆதலின் ஒவ்வொரு முறை கிள்ளிய பின்னும் அதனைச் சிறிதளவே இட்டு நீர் பாய்ச்சுக. மிகையாக இடின், யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லினூடே நைத்திரேற்றாகக் கசிந்து கிணற்று நீரிற் கலக்கும். கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. அந்நீரிற் கரைத்த புட்டிப்பால் கைக்குழந்தையின் குருதிக்கு ஊறு விளைக்கும். பாத்திக்கு இடும் பசளையை அளந்தே இடுவோமாக.