அளவு கருவிக்கும் முதுமை

மறைந்த பெரியவர் ஒருவரின் வெளிறிய வண்ண நிழற்படத்தைச் செப்பனிட்டுத் தரும் பொறுப்பு அண்மையில் நம்மிடம் வந்தது. இரண்டு மாலைப் பொழுதுகள் கணினித் திரையின் முன் அமர்ந்து, அவருடைய மாநிற முகத்தை மீட்டுவிட்டதாகவே மகிழ்ந்தோம். அச்சாகி வந்த படத்திலோ முகம் செந்தூரம் பூசியதுபோல் சிவந்திருந்தது. "அப்பா ஒருநாளும் இப்படி இருந்ததில்லையே" என்றார் மகள். அச்சகத்தார் மீது ஐயுற்றோம். சற்றுக் கடுமையாகப் பேசியும்விட்டோம். பிழையோ நம் மேசைமீதே இருந்தது.

திரையின் நிறங்களைச் சீர்செய்யக் கலரிமீட்டர் என்னும் சிறு கருவி உண்டு. அதைத் திரைமீது தொங்கவிட்டால், கணினி ஒன்றன்பின் ஒன்றாக வண்ணக் கட்டங்களைக் காட்டும். கருவி அளந்து சொல்லும். அதற்கேற்பத் திரை திருத்தப்படும். வெண்மைக்கு 6500 கெல்வின், ஒளிர்வுக்குச் சதுர மீட்டருக்கு 120 கேண்டலா என்பன பலரும் கொள்ளும் இலக்குகள். கருவியினுள் இருப்பவை ஒளியுணரிகளும் அவற்றின்மேல் நிறவடிகட்டிகளுமே. மனிதக் கண் நிறங்களை உணரும் முறைக்கு 1931ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பன்னாட்டு நியமத்தை அவ்வடிகட்டிகள் ஏறக்குறைய ஒத்திருக்கும்.

பழைய கருவிகள் பலவற்றில் இவ்வடிகட்டிகள் சாயமேற்றியவை. வெப்பமும் ஈரமும் பட்டால் சாயம் வெளுக்கும். பத்தாண்டுகளுக்கு மேலாகத் திறந்த இழுப்பறையில் கிடந்த நம் கருவிக்கும் அதுவே நேர்ந்தது. வெளுத்தபின்னும் அது வாய்மூடி இருப்பதில்லை. புள்ளிகளுக்குப்பின் இரண்டு இலக்கங்களோடு எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கணினியும் நம்பும். நம் திரை பசுமை பாய்ந்தது. நம் கண்ணோ சில நிமிடங்களில் அதற்குப் பழகி, அதனையே வெண்மையென ஏற்றது. முகத்தில் பசுமை தெரியவே சிவப்பைச் சேர்த்தோம். சேர்த்த சிவப்பு முழுவதும் தாளில் வந்து நின்றது.

நண்பரொருவரின் புதிய கருவியைக் கொண்டு அளந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வேடிக்கை என்னவெனில், திருத்தத்தை அறவே நீக்கியபோது திரை முன்னிலும் நன்றாயிருந்தது!

முதுமை மட்டுமே காரணமன்று. குழல்விளக்கால் ஒளிர்ந்த திரைகளுக்கென அமைந்த கருவி, இன்றைய எல்.இ.டி. திரையின் ஒளியைப் பழுதில்லாத நிலையிலும் பிறழ அளக்கக்கூடும். ஒளியைக் கூறுகளாகப் பிரித்தளக்கும் நிறமாலைமானி கிடைத்தால், ஒரே திரையை இரண்டாலும் அளந்து திருத்தக் கணக்கொன்று அமைக்கலாம், ஆர்கில் சி.எம்.எஸ். என்னும் இலவச மென்பொருள் இதற்கு உதவும். எனினும் வடிகட்டி மேலும் வெளுத்தால் அக்கணக்கும் பயனற்றதாகும். ஆகவே கருவியை ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு மூடிய பெட்டியில், இருளில் வையுங்கள். அளக்குமுன் திரையை அரைமணி நேரம் எரியவிடுங்கள். அளந்தபின் சாம்பல் நிறப் படிகளில் பசுமையோ சிவப்போ கலந்துள்ளதா எனப் பாருங்கள். தனியே தீர்ப்பளிக்க இயலாத கண், இரண்டை அருகருகே வைத்தால் நன்கு ஒப்பிடும்.

அச்சகத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுப் படத்தை மீண்டும் அச்சிட்டோம். மகள் அதைச் சாளரத்தருகே கொண்டுபோய் நெடுநேரம் நோக்கினார். முகம் சரி, சட்டைதான் இன்னும் சற்று நீலமாக இருந்தது என்றார். அதைத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.