நோயாளி மீது பாயும் கதிருக்குக் கணக்கு எங்கே?

2023-ம் ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 9 கோடியே 30 லட்சம் "சி.டி. ஸ்கேன்" படங்கள் எடுக்கப்பட்டன. அந்தக் கதிரால் சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம் பேருக்குப் பிற்காலத்தில் புற்று நோய் வரக்கூடும் என்று ஓர் ஆராய்ச்சிக் குழு 2025-ல் மதிப்பிட்டது. அந்நாட்டுக் கதிர்ப்பட நிபுணர்கள் இதை ஏற்கவில்லை. இது ஏட்டுக் கணக்கே. ஸ்கேனால் விளையும் நன்மையே பெரிது என்பது அவர்கள் வாதம்.

இதில் அடிக்கடி ஸ்கேன் எடுக்க நேர்பவர்கள் யார்? ஏற்கெனவே புற்று நோய் கண்டவர்கள்தான்.

எவ்வளவு கதிர்?

மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் மனிதன் இயற்கையாகப் பெறும் கதிர், ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லி சீவர்ட். வயிற்றுக்கு எடுக்கும் ஒரே ஸ்கேனில் சுமார் 8 மில்லி சீவர்ட் பாய்கிறது. மூன்று ஆண்டுக் கதிர், சில நொடிகளில்!

புற்று நோயாளிக்கு ஒரு ஸ்கேனோடு வேலை முடிவதில்லை. கட்டியின் அளவை அறிய ஒன்று. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஒன்று. நோய் திரும்புகிறதா என்று அறிய இன்னும் பல. சிலருக்கு மொத்தம் 100 மில்லி சீவர்ட்டையும் தாண்டிவிடுகிறது.

கருவியை இயக்கும் ஊழியருக்கு ஆண்டுச் சராசரி 20 மில்லி சீவர்ட் என்று வரம்பு உண்டு. நோயாளிக்கு வரம்பு கிடையாது. வரம்பு வைத்தால், உயிர் காக்கும் ஸ்கேனும் நின்று போகும் அல்லவா? அது நியாயம்தான். ஆனால் வரம்பு இல்லை என்பதற்காகக் கணக்கும் வேண்டாமா?

தலைமுடி சொன்ன உண்மை

2009-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில், 206 பேருக்கு மூளை ஸ்கேனில் வழக்கத்தைவிட 8 மடங்கு கதிர் பாய்ந்தது தெரிய வந்தது. ஒன்றரை ஆண்டு காலம் யாரும் கவனிக்கவில்லை. தலைமுடி கொட்டுகிறது என்று ஒரு நோயாளி முறையிட்ட பிறகே குட்டு உடைந்தது. அதன்பின் கலிபோர்னியா மாநிலம் சட்டம் செய்தது. ஸ்கேன் அறிக்கையில் கதிர் அளவையும் எழுத வேண்டும் என்ற விதி 2012-ல் அமுலுக்கு வந்தது.

செய்ய வேண்டியது

கதிருக்கு அஞ்சி, தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போடுவது பேராபத்து. வேண்டாத ஸ்கேனைத் தவிர்ப்பதே விவேகம். பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருந்து டாக்டரிடம் காட்டினால், ஒரு ஸ்கேன் மிச்சமாகலாம். "இதன் முடிவால் சிகிச்சை மாறுமா? கதிர் இல்லாத அல்ட்ரா சவுண்டோ, எம்.ஆர்.ஐ.யோ போதுமா?" என்று கேட்பதில் தவறில்லை.

கேள்வி கேட்பது நோயாளியின் உரிமை. கணக்கு எழுதுவது மருத்துவமனையின் கடமை.