மொட்டை மாடியில் மெத்தை போட்டு அந்தர் பல்டி அடிக்கப் போகும் அண்ணன்களுக்கு

1/ நைட் டூட்டி. கேஷுவால்டி வாசல்ல ஒரு கார். பின்சீட்ல ஒருத்தரைக் காலை மடக்கிப் படுக்க வச்சிருக்காங்க. வயசு முப்பத்தி நாலு. ரெண்டு நாள்ல திருவந்திபுரத்துல தம்பிக்குக் கல்யாணம். (ஆள் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ கடலூர்க்காரங்களுக்குத் தெரியும். முகூர்த்த நாள்னா தேவநாதசுவாமி கோயில் பக்கம் வண்டி நகராது, அத்தனை கல்யாணம். இப்பல்லாம் ரிசப்ஷன்ல 'என்ட்ரி' டான்ஸ் வேற. அதுல இவர் பேக்ஃப்ளிப், அதாவது நம்ம அந்தர் பல்டி, அடிக்கிறதா பிளான். ரெண்டு வாரமா வீடியோ பார்த்து, மொட்டை மாடியில ரெண்டு பஞ்சு மெத்தையை அடுக்கிப் பழகியிருக்கார்.

3/ தோளைத் தூக்கினார். முழங்கையைக் கொஞ்சம் மடக்கினார். விரல் ஒண்ணுகூட அசையல. நெஞ்சுக்குக் கீழ கிள்ளினா தெரியல. என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், நாளைக்கழிச்சு ராத்திரி ரிசப்ஷன். அதுக்குள்ள எழுந்துடுவேன்ல?"

4/ நான் ஸ்பெஷலிஸ்ட் இல்ல, எம்.பி.பி.எஸ். கழுத்து முறிஞ்சு வர்றவங்களை முதல்ல பார்க்கிற டூட்டி டாக்டர், அவ்வளவுதான். பதில் சொல்லாம காலர் மாட்டினேன். ஸ்கேன் எடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்பினோம்.

5/ அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. என் கோபமெல்லாம் அவர் பார்த்த வீடியோ மேல. இந்த ரகத்துல எல்லாத்துலயும் ஒரே வசனம்தான்: "பல்டிங்கறது முக்கால்வாசி மனசு. பயத்தை விடு, குதி." இந்த த்ரெட் அந்த ஒரு வசனத்துக்கு எதிரா.

6/ முதல்ல கணக்கு. பயிற்சி இல்லாத ஆள் நின்ன இடத்துல 30-40 செ.மீ. எகிறுவார். அப்படி எகிறினா காத்துல இருக்கிற நேரம் சுமார் அரை நொடி. அதுக்குள்ள உடம்பு முழுசா ஒரு சுத்து சுத்தி, கால் கீழ வரணும். பாதிச் சுத்துல நின்னா எது கீழ இருக்கும்? தலை.

7/ தலை தரையில நின்னுடும். மேல இருந்து வர்ற 70-80 கிலோ நிக்காது. நடுவுல மாட்டிக்கிறது கழுத்து. தாடை நெஞ்சைப் பார்த்துக் குனிஞ்சிருந்தா கழுத்தெலும்பு ஏழும் ஒரே நேர்கோட்டுல வந்துடும், அதிர்ச்சியை வாங்கிக்கிற வளைவே இருக்காது. எலும்பு நொறுங்கும். உள்ளே போற தண்டுவடம் சுண்டுவிரல் பருமன்தான்.

8/ "கமிட் பண்ணு"ன்னு சொல்றதுல பாதி உண்மை இருக்கு. காத்துல போன பிறகு தயங்கினா ஆபத்து அதிகம், கழுத்து அடிபடறது பெரும்பாலும் அப்பதான். ஆனா தயக்கம் ஏன் வருது? எங்க இருக்கோம், தரை எந்தப் பக்கம்னு மூளைக்குத் தெரியாததால. பழகாத மூளை காத்துல தயங்கத்தான் செய்யும். ரீல்ஸ்காரர் அதைக் கோழைத்தனம்ங்கறார்.

9/ பயத்தை மீறிக் குதிச்சா என்ன ஆகும்னு ஜிம்னாஸ்டிக்ஸ் உலகத்துக்கே தெரியும். எலீனா முகினா, சோவியத் வீராங்கனை, 1978 உலக சாம்பியன். கால் முறிவு சரியா ஆறல. 'தாமஸ் சால்டோ'ங்கிற பல்டியால கழுத்து உடைஞ்சிடும்னு அவரே சொல்லியிருக்கார். யாரும் கேட்கல. 1980 ஜூலை, மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குச் சில நாள் முன்னாடி மின்ஸ்க்ல பயிற்சியில விழுந்தார். கை கால் நாலும் போச்சு. 2006-ல் இறந்தார். உலக சாம்பியனோட பயமே சரியா இருந்தப்ப, உங்க பயம் மட்டும் எப்படி 'மனத்தடை' ஆகும்?

10/ "கீழ மெத்தை இருக்கே டாக்டர்?" பஞ்சு மெத்தை கால் வைக்கும்போது அமுங்கும், எகிறுற வேகத்தைத் திங்கும், கணுக்காலைப் பிசக வைக்கும். தலை விழுந்தா அப்படியே பிடிச்சுக்கும். உடம்பு மட்டும் மேல வந்துக்கிட்டே இருக்கும். மெத்துன்னு இருக்கிறதெல்லாம் பாதுகாப்பு கிடையாது. வீட்டுல டிராம்போலின் வேண்டாம்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 1999-லேயே சொன்னது.

11/ "சில்வர் பீச்ல பசங்க அடிக்கிறாங்களே?" அடிக்கிறாங்க. பத்து வயசுல ஈர மணல்ல குட்டிக்கரணத்துல ஆரம்பிச்ச பசங்க. அவங்களுக்கும் இது பாதுகாப்புன்னு நான் சொல்லல. 2022-ல் கர்நாடகாவின் தும்கூர் மாவட்டத்துல ரீல்ஸுக்காகப் பல்டி அடிச்ச இளைஞர் செத்தே போனார். உங்களுக்கோ பத்து வருஷமா நாற்காலி வேலை, இறுகின தோள், முன்னாடி தொப்பை.

12/ தீபா கர்மாகர் 2016 ரியோவுல 'புரொடுனோவா' குதிச்சு நாலாவது இடம் வந்தார். நாமெல்லாம் கைதட்டினோம். அவர் ஆறு வயசுல ஆரம்பிச்சவர். ஆயிரக்கணக்கான தடவை குதிச்ச பிறகு அந்தப் பயம் தானா அடங்குச்சு. உங்க பயத்தை ஒரு நிமிஷ வீடியோ அடக்கப் பார்க்குது.

13/ "கழுத்து போனாலும் சாதிச்சவங்க இருக்காங்களே?" இருக்காங்க. ஆய்க்குடி அமர் சேவா சங்கம் ராமகிருஷ்ணன் 1975-ல் இன்ஜினியரிங் மாணவரா கடற்படைத் தேர்வுல விழுந்து கழுத்துக்குக் கீழ இயக்கம் இழந்தவர். 1981-ல் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார், 2020-ல் பத்மஸ்ரீ. அவரைக் கும்பிடுங்க. ஆனா அவர் வாழ்க்கையைக் காட்டி உங்க பல்டிக்கு லைசென்ஸ் கேட்காதீங்க.

14/ ஏன்னா மத்த வீடுகள்ல நான் பார்க்கிறது வேற. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லன்னா படுக்கைப் புண். மூத்திரத்துக்கு டியூப். ராத்திரி அலாரம் வச்சு எழுந்து புரட்டுறது அறுபது வயசு அம்மா. தண்டுவடம் பாதிச்சவங்களுக்குத் தமிழக அரசு மாசம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருது. டயப்பர் செலவுக்குச் சரியா போயிடும்.

15/ இதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்க. யாராவது கழுத்து அடிபட விழுந்தா:
தூக்காதீங்க. உட்கார வைக்காதீங்க. தண்ணி கொடுக்காதீங்க.
தலையை இருக்கிற நிலையிலேயே ரெண்டு கையால அசையாம பிடிங்க.
108-க்கு போன் பண்ணி "கழுத்துல அடி"ன்னு சொல்லுங்க. பலகையோட தூக்குவாங்க.
மூச்சு இல்லன்னா மட்டும் கழுத்தை மறந்துட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க.
கார் பின்சீட்ல மடக்கிக் கொண்டு வர்றதுதான் இருக்கிறதுலயே மோசம். பாசத்துல செய்றாங்க, எனக்குப் புரியுது.

16/ பல்டி ஆசை தப்பில்ல. நாப்பதுல ஆரம்பிச்சுக் கத்துக்கிட்டவங்களும் உண்டு. ஆனா அதுக்கு ஒரு வாத்தியார் வேணும். முதல்ல முன் உருளல், பின் உருளல். அப்புறம் சரியா எகிறவும் விழவும் பழகணும். பிறகு வாத்தியார் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, தடிமனான ஜிம்னாஸ்டிக்ஸ் மேட் மேல. மாசக்கணக்குல ஆகும். முதல் நாளே "குதி"ன்னு சொன்னா, அவர் வாத்தியார் கிடையாது. எந்தச் சிலம்ப ஆசானும் முதல் நாளே தீப்பந்தத்தைக் கையில கொடுக்கிறதில்ல.

17/ தேவநாதர் கோயிலுக்கு எதிர்ல ஹயக்ரீவர் இருக்கிற மலைக்குப் பேரு ஔஷதகிரி, மருந்து மலை. அனுமார் தூக்கிட்டுப் போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டுன்னு ஐதீகம். அந்த அண்ணனோட அம்மா படியேறி வேண்டிக்கிட்டு வந்து என்கிட்ட பிரசாதம் கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன். முறிஞ்ச தண்டுவடத்தை ஒட்டவைக்கிற மருந்து என்கிட்டயும் இல்ல.

18/ கல்யாணம் நடந்துச்சு. என்ட்ரி டான்ஸ் இல்ல. உங்க வீட்டுக் கல்யாணத்துல யாராவது மெத்தையை மாடிக்குத் தூக்கிட்டுப் போறதைப் பார்த்தா, இந்த த்ரெட்டை அனுப்புங்க. அதுக்கு முன்னாடி அந்த மெத்தையைக் கீழ இறக்குங்க.